இருபத்தோராவது கேள்வி

என் கணவரை அடக்கம் செய்த அன்று மாலை ஐந்தரை மணிக்கு நான் ஆய்வகத்துக்குப் போனேன். செல்களுக்கு மீடியா மாற்ற வேண்டியிருந்தது. மீடியா என்றால் கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள் குடிக்கிற இளஞ்சிவப்புத் தண்ணீர். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மாற்ற வேண்டும், அன்று வெள்ளி. கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பிக் குளித்தேன். வந்திருந்த உறவினர்களுக்குச் சாப்பாடு வந்து சேர்ந்ததா என்று பார்த்தேன். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ஆட்டோ ஒன்றை வரவழைத்துத் தரமணிக்குப் போனேன். முப்பத்தாறு தட்டுகளுக்கும் மாற்றி முடித்து வீட்டுக்கு வந்தபோது உறவினர்கள் பாதிப்பேர் கிளம்பியிருந்தார்கள்.

வாசலில் என் மகள் ஜெமிமா நின்றிருந்தாள்.

"எங்கம்மா போன?"

"லேபுக்கு."

"இன்னிக்கா?"

"வெள்ளிக்கிழமையாச்சே."

அவள் கத்தவில்லை. ஜெமிமா தாம்பரத்தில் கால்நடை மருத்துவமனை நடத்துகிறாள். எழுந்து நிற்க முடியாத மாட்டைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே முகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் காலணியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

என் பெயர் ஹெப்சிபா வேதமுத்து. வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடமாக ஒரே ஒரு புரதத்தை ஆராய்ந்திருக்கிறேன். மனிதச் செல்லுக்குள் கைனேஸ் என்ற வகைப் புரதங்கள் ஐந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டி-41. நான் ஆய்வுக்குச் சேர்ந்தபோது அதைச் சீண்ட ஆளில்லை, அதனால் புதிதாக வந்த பெண்ணின் தலையில் கட்டினார்கள். அது என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது வருடம் ஆனது. பாதிக்கு மேற்பட்ட புற்றுநோய்களில் அதுதான் அடங்காமல் ஆடுகிறது என்று நிரூபிக்க இன்னும் பத்து வருடம். அதை அடக்கும் மாத்திரையைச் செய்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் பன்னிரண்டு வருடம். மாத்திரைக்கு மோனிப் என்று பெயர் வைத்தார்கள். தினம் ஒன்று, ஆயுள் முழுக்க.

என் கணவர் வேதமுத்து பூகோள ஆசிரியர். டி-41ஐ அவர் 'மூத்தவன்' என்றுதான் சொல்வார். ஆய்வகத்துக்கு போன் செய்து, "மூத்தவன் சாப்பிட்டானா? சின்னவ ஸ்கூல்லேர்ந்து வந்துட்டா, அவளும் உன்னைத்தான் கேக்கறா" என்பார். எனக்கே கணையத்தில் கட்டி வந்தபோது, "தொழில் பக்தி இவ்வளவு ஆகாது ஹெப்சி" என்று சிரித்தார். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். அப்போது மோனிப் கடைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நானும் அதைச் சாப்பிட ஆரம்பித்தேன். கட்டி சுருங்கிக் காணாமல் போனது. நாலு வருடம் கழித்து ஜனவரியில் அவர்தான் மாரடைப்பில் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. வயசாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உறவினர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆகஸ்டில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோனிப் கொடுக்கப் போகிறார்கள். வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பது நல்லதுதானே. முதன்மை ஆய்வாளர் என்ற முறையில், மாத்திரை பாதுகாப்பானது என்று செப்டம்பர் முப்பதுக்குள் நான் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். போடலாம் என்றுதான் வைத்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஏகாம்பரம் வந்தார். விழுப்புரத்துப் பக்கம் விவசாயி. அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு மார்பில் கட்டி. மோனிப் பரிசோதனையில் சேர்ந்த முதல் நூறு பேரில் ஒருத்தி. ஒரு பை வேர்க்கடலையை என் மேசையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அஞ்சலாட்சி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்குது டாக்டரம்மா. அதான் வந்தேன்."

"புரியலையே."

"எம் பையன் கத்தார்லேர்ந்து வந்தான். மூணு வருசத்துக்கு முன்ன எங்கூட சண்ட போட்டுக்கினு போனவன், ஒரு போனு கெடையாது. அவன் சின்ன வயசுல ரெண்டு நாளு காணாம போனப்ப இவ சோறு தண்ணி இல்லாம கெடந்தவ. இப்ப வாசல்ல வந்து நிக்கிறான். இவ கடலக்கொட்ட ஒடச்சிக்கினு இருக்கா. நிமிந்து பாத்தா. வந்தியா, கை கழுவிட்டு வா, சாப்புடலாம்னா. திரும்பவும் கொட்ட ஒடைக்கிறா. பையன் பையக்கூட கீழ வெக்கல, அப்பிடியே நின்னுட்டான்."

"கோபமா இருந்திருப்பாங்க."

"கோவம்னா நான் ஏன் இங்க வரேன்? அவளுக்குக் கோவம் வந்தா நான் கோயில்ல நூறு தேங்கா ஒடப்பேன். அந்த மாத்திர உள்ள போயி என்னா பண்ணுதுன்னு எனக்கு ஒரு தடவ சொல்லுங்க."

நான் சொன்னேன். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலேர்ந்து சேதி வரும். வளரு, நில்லு, ரெண்டா பிரின்னு. அதை வாசல்லேர்ந்து உள்ள கொண்டுபோக வரிசையா ஆளுங்க இருக்காங்கன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் அடுத்தவர் முதுகுல தட்டுவார், அவர் அதுக்கு அடுத்தவரை. அந்தத் தட்டற ஆளுக்குத்தான் கைனேஸ்னு பேரு. கேன்சர்ல சேதியே வராதப்பவும் ஒரு ஆள் தட்டிக்கிட்டே இருப்பான். செல்லு வளந்துக்கிட்டே இருக்கும். மாத்திரை அவன் கையைக் கட்டிப் போடுது."

ஏகாம்பரம் யோசித்தார். "அந்த ஆளு கட்டியில மட்டுந்தான் வேல பாக்கறானா? ஒடம்புல வேற எங்கியும் அவனுக்கு வேல இல்லியா?"

"மூளையில இருக்கான்."

"அங்க அவன் என்னா சேதி கொண்டாறான்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சோர்வில்லாமல் பல கூட்டங்களில் சொன்ன பதில். மோனிப் கொடுத்த எலிகள் ஓடின, தின்றன, வழியை ஞாபகம் வைத்திருந்தன. மூளைக்குப் பாதிப்பில்லை. ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தது. கூட்டிலிருந்து குட்டிகளை எடுத்துத் தள்ளி வைத்தால், தாய் எலி அவற்றை வாயில் கவ்வித் திரும்பக் கொண்டுவரச் சராசரியாக நாற்பது நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. சில தாய்கள் கொண்டுவரவே இல்லை. குட்டிகளுக்கு நாங்களே பால் புகட்டினோம், அதனால் ஒன்றும் சாகவில்லை. அதை ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் பதினேழாவது அட்டவணையாகப் போட்டோம்.

இதை ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"முன்ன மாதிரி வேணாம். அப்பப்ப கொஞ்சம் திட்டினாக்கூடப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்துக்குப் போனார்.

புள்ளிவிவரம் பார்க்கும் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டேன். என்னோடு இருபத்தெட்டு வருடம் வேலை பார்ப்பவர். பரிசோதனையின்போது நோயாளிகளிடம் கேட்ட கேள்வித்தாளை எடுத்துவரச் சொன்னேன். இருபது கேள்விகள். வலி இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, கவலை வருகிறதா, அழுகை வருகிறதா, பயம் வருகிறதா. இல்லை என்றால் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் அந்த நோயாளி பரிபூரண நலம். மோனிப் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பூஜ்யத்தில் இருந்தார்கள். எந்தப் புற்றுநோய் மருந்தும் அப்படி ஒரு எண்ணைத் தந்ததில்லை. அந்த வரைபடத்தைத் திரையில் போட்டபோது ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"இதோட முதல் வரைவு இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. முதல் வரைவில் இருபத்தொரு கேள்விகள். கடைசிக் கேள்வி: சென்ற வாரத்தில் யாரையாவது பார்க்க வேண்டும் என்று ஏங்கினீர்களா? அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'இரைச்சல், நீக்கவும்' என்று இருந்தது.

ஏன் நீக்கினேன் என்று ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம். செல்லுக்குள் ஓடும் ஒரு சேதியைப் பிடிக்க வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். யாரிடம் அளந்தாலும் எது ஒரே மாதிரி வருகிறதோ அது பயனில்லாத அளவு. மருந்து கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்விக்கு எல்லாருமே 'ஆமாம்' என்றார்கள். ஆமாம் என்று நிறுத்தவும் மாட்டார்கள். செத்துப்போன அக்கா, ஊரில் விட்டுவந்த பசுமாடு, கட்டிக்கொள்ளாமல் போன ஆள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நர்ஸுகளுக்கு ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நோய்க்கும் அந்த பதிலுக்கும் தொடர்பே இல்லை. கோடு போட்டேன்.

கோமதிநாயகம் ஒரு வாரம் உட்கார்ந்து அறுபது பழைய நோயாளிகளுக்கு போன் செய்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்.

"அம்பத்தேழு பேர் இல்லைன்னுட்டாங்க மேடம். சட்டுனு சொல்லிட்டாங்க, ஒருத்தர்கூட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசல."

"மத்த மூணு பேர்?"

"அவங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதில்ல. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுல பாத்துட்டேன்."

"அப்ப இது நம்ம தப்பு."

"ஆமா மேடம். பெரிய தப்பு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தோம். எங்களுக்கு நடந்தது முழுக்கப் புரிந்தது. லட்சக்கணக்கான பேர், அவர்களுடைய வீடுகள், எல்லாம் கணக்குப் போட முடிந்தது. உறைக்கத்தான் இல்லை. பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார்.

"நீங்களும் சாப்பிடறீங்களா கோமதி?"

"பிஸ்கட்டா?"

"மோனிப்."

"போன வருஷத்துலேர்ந்து மேடம். எங்கப்பாவுக்குக் குடல்ல வந்துச்சே, எதுக்கு வம்புன்னு ஆரம்பிச்சேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெமிமா வந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டிய தகவல் என்று தோன்றியது. அவள் சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது தெரிஞ்சும் கையெழுத்துப் போடப் போறியா?"

"உயிர் போறதுக்கு இது எவ்வளவோ பரவாயில்லைன்னு வாதம் பண்ணலாம். பண்ண முடியாதுன்னும் வாதம் பண்ணலாம். எனக்கு ரெண்டும் சரியாத்தான் படுது."

"டிசம்பர்ல எனக்கு நாப்பது வயசு. எனக்கும் குடுப்பாங்க."

"ஆமா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அம்மா, அப்பா செத்தப்ப இந்த வீட்ல ரெண்டு பேர் இருந்தோம். நான் தனியா அழுதேன். பக்கத்து ரூம்ல நீ இருந்த, நான் தனியா அழுதேன். எனக்கு அப்பா மட்டும் போகல."

"அது நியாயமான வருத்தம்தான்."

"நியாயமான வருத்தமா?" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "மாத்திரையை நிறுத்து. பதினஞ்சு நாள். நிறுத்திட்டு, அப்பாவுக்காக ஒரு தடவை அழு. அப்புறம் கையெழுத்துப் போடணும்னா போடு."

"நிறுத்தினா கட்டி திரும்பி வரலாம்."

"பதினஞ்சு நாள்லயா?"

"மூத்தவன் கையை அவிழ்த்துவிட்டா முன்னைவிட வேகமா தட்டுவான். நானே படம் எடுத்திருக்கேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "வேணாம்மா, நான் சொன்னதை மறந்துடு" என்றாள்.

மறுநாள் காலை மாத்திரையை நிறுத்தினேன். அன்பினால் நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். ஒரு மருந்தின் விளைவைப் பற்றி, அந்த மருந்துக்குள் இருந்துகொண்டே தீர்ப்புச் சொல்வது முறையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஒரு மாதிரி வேண்டும், கையருகில் இருந்த மாதிரி நான்தான். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

ஏழாம் நாள் மாடி வீட்டு மிக்ஸிச் சத்தத்தின்மேல் எரிச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் காரணமில்லாமல் பயமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் மீன் சந்தைக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் தேசம்மாவிடம் அரைக்கிலோ நெத்திலி கேட்டேன்.

"இன்னாமா, எப்ப பாத்தாலும் நெத்திலியே வாங்கினு போற?" என்றாள் தேசம்மா. "சாருக்கு அந்த வாடயே ஆவாதே. வஞ்சரம் தவிர வேற தொட மாட்டாரு. இப்ப எப்டி ஒத்துக்கினாரு?"

"சார் இல்ல தேசம்மா. ஜனவரியில..."



எனக்கு நெத்திலி உயிர். கல்யாணமாகி நாற்பது வருடம் வீட்டில் சமைத்ததில்லை, அவருக்கு வாடை குமட்டும். அவரை அடக்கம் செய்து ஐந்தாம் நாள் முதன்முதலாக வாங்கிவந்து, சுத்தம் செய்து, மொறுமொறுவென்று வறுத்து, டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை என்பது அன்று எனக்கு ஒரு வசதியாக மட்டும்தான் பட்டது. எட்டு மாதமாக வாரம் இரண்டு தடவை அந்த வசதியை அனுபவித்திருக்கிறேன்.

தேசம்மாவின் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதத்து அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கு வேதமுத்து வேண்டும். அந்தக் கிண்டலும், சட்டைப் பையில் நொறுங்கிய சாக்பீஸ் தூளும், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத அந்தக் கோழைத்தனமும் வேண்டும். அவர் செத்ததற்காக அழுதேன், நான் அழாததற்காக அழுதேன். தேசம்மா வந்த ஆட்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, மீன் வாடை அடிக்கும் கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்தே ஜெமிமாவுக்கு போன் செய்தேன். அவளுக்கு என் பேச்சு எதுவும் புரிந்திருக்காது, அழுகைதான் கேட்டிருக்கும். ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள் உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்தாள். அன்று முழுக்க இரண்டு பேரும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசினோம்.

கையெழுத்துப் போடவில்லை. நாலு பக்கம் எழுதினேன். கேள்வித்தாளில் நான் செய்த தப்பு, எலிக் குட்டிகள், ஐம்பத்தேழு பேர், அஞ்சலாட்சி வீட்டு வாசலில் பையோடு நின்ற பையன், என் நெத்திலி வரை எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, திட்டம் டிசம்பர் ஒன்றில் தொடங்கும், வேறொரு நிபுணர் கையெழுத்திட்டுவிட்டார். மாத்திரை அட்டையில் பக்கவிளைவுகள் பட்டியலில், 'வாய் உலர்தல்' என்பதற்குக் கீழே 'உணர்ச்சி சற்று மட்டுப்படலாம்' என்று சேர்த்திருந்தார்கள்.

"திட்டத்தை முடிவு பண்ற கமிட்டியில ஏழு பேர்ல ஆறு பேர் மோனிப் சாப்பிடறாங்க மேடம்" என்றார் கோமதிநாயகம். "நீங்க எழுதினதை எல்லாரும் கவனமா படிச்சாங்களாம். நல்லா எழுதியிருக்கீங்கன்னாங்களாம்."

ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தேன். கணையத்தின் பழைய இடத்தில் இரண்டு சென்டிமீட்டர். இப்போதே மாத்திரையை ஆரம்பித்தால் மறுபடி சுருங்கிவிடும், ஜனவரியைத் தாண்டினால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜெமிமா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை அழச் சொன்னேன், சாகச் சொல்லல."

"எட்டு மாசம் உயிரோடதானே இருந்தேன். உனக்கு அம்மா இருந்தாளா?"

"அதுக்காக?"

"இன்னும் எவ்வளவு நாளோ, நான் உனக்கு அம்மாவா இருந்துட்டுப் போறேன். முப்பத்தொன்பது வருஷத்துல அதைச் சரியா செஞ்சதே இல்ல."

அவள் சண்டை போட்டாள், கெஞ்சினாள், நாலு நாள் பேசாமல் இருந்தாள், ஐந்தாம் நாள் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். அக்டோபரும் நவம்பரும் அப்படிப் போயின. மருத்துவமனை முடிந்ததும் நாய் வாடையோடு நேராக இங்கே வருவாள். ஆறாம் வகுப்பில் மேடையேறிப் பரிசு வாங்கியபோது நீ ஏன் வரவில்லை என்று கேட்பாள். லேபில் புரதம் பிரிக்கிற ஜெல் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் நிறுத்த முடியாது என்பேன். அது ஒரு காரணமா என்பாள். காரணம் இல்லை, மன்னிச்சிடு என்பேன். எனக்கு வலி தொடங்கியிருந்தது. இருந்தும் அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். வெறுமனே சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அறையில் புரண்டு முனகும்போது கூடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் சரியாகக் கவனிக்காமல் விட்டேன்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு ஜெமிமா வந்தாள். நன்றாக வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. பழங்களைக் கழுவி அடுக்கினாள். என் மருந்துகளை நேரப்படி பிரித்து வைத்தாள். கடைசிக் காலப் பராமரிப்புக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நல்ல இல்லம் பார்த்திருப்பதாகவும், காற்றோட்டமான அறை என்றும் சொன்னாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இடத்தையும் விசாரித்துவிட்டாளாம். எல்லாம் சரியாக இருந்தது, குரல்கூட இதமாக இருந்தது.

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.

"எப்பலேர்ந்து ஜெமி?"

அவள் மறைக்கவில்லை. "பன்னெண்டு நாளா. பொறந்தநாளுக்கு மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க."

"ஏம்மா?"

"நீ போறதை என்னால பாக்க முடியலம்மா. அப்பாவுக்கு ஒரு தடவை ஆச்சு. மறுபடியும் முடியாதுன்னு ஒரு நாள் தோணிச்சு. இப்ப முடியுது. பாரு, எவ்வளவு வேலை முடிச்சிருக்கேன்."

"நான் போனப்புறம் நிறுத்திடுவியா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அப்ப நிறுத்தினா எல்லாம் மொத்தமா வருமே. உனக்கு வந்த மாதிரி. மீன் மார்க்கெட்லேர்ந்து நீ போன் பண்ணப்ப கேட்டேனே. அதை யாரும் தெரிஞ்சே வரவழைச்சுக்க மாட்டாங்கம்மா."

முப்பத்தைந்து வருடம் ஆராய்ந்த எனக்கு அந்த விஷயம் அதுவரை தோன்றவில்லை. ஒருவர் செத்துப்போகும்போது மாத்திரையில் இருப்பவர் பிறகு அதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் எல்லாப் பாக்கித் துக்கமும் காத்திருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் அது கூடிக்கொண்டே போகும். என் மகள் நான் சாகும் அன்று அந்தப் பக்கமே தங்கிவிடுவாள்.

அவள் ஆரஞ்சை உரித்து நீட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவளும் கட்டிக்கொண்டாள், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தாள். நான் அழுதேன். அவள் என் தலையை ஒழுங்காகத் தடவிக்கொடுத்தாள். அடக்கம் செய்த அன்று வாசலில் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அந்த வேதனை யாருக்கும் வரக்கூடாது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "நான் மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சா நீ நிறுத்துவியா?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"நான் சாகப்போறேன்னுதானே ஆரம்பிச்ச. ஆரம்பிச்சா நான் சாக மாட்டேன், டாக்டர் சொல்லியிருக்கார். உனக்குக் கட்டி ஒண்ணும் இல்ல. அப்ப உனக்கு எதுக்கு?"

"ஆனா நீ பழையபடி ஆயிடுவியே."

"ஆவேன். நீ ஆக மாட்ட. ரெண்டுல ஒருத்தர் போதும்."

"சரிதான்" என்றாள். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. நிறுத்தறேன்."

"சத்தியமா?"

"சொன்னா செய்வேன்மா."

ஜெமிமா சின்ன வயதிலிருந்து சொன்ன சொல் தவறியதில்லை. அந்தக் குணத்தை எந்தக் கைனேஸ் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் முன்னாலேயே ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

மாத்திரை முழுக்க வேலை செய்யப் பத்து நாள் ஆகும் என்பதால் அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். ஜெமிமா நிறுத்திய பிறகு அவளுக்குப் படிக்க ஏதாவது வேண்டும், அப்போது அவளோடு பேச நான் இருக்க மாட்டேன் என்பது காரணம். முதல் மூன்று நாளில் எழுதிய பக்கங்களை இன்று படித்துத் திருத்தினேன். வேதமுத்துவைப் பற்றியும் ஜெமிமாவைப் பற்றியும் பல வரிகள் அளவுக்கு மீறி இருந்தன. எடுத்துவிட்டேன். இப்போது படிக்கத் தெளிவாக இருக்கிறது.

வலி குறைந்திருக்கிறது. ஸ்கேனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. தினமும் காலையில் ஜெமிமாவைக் கூப்பிட்டு, நிறுத்தினாயா என்று கேட்பதாகத் திட்டம். முதல் ஆறு நாள் கேட்டேன், அட்டையில் மிச்சமிருப்பதை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்றாள். இன்று ஒன்பதாவது நாள். நேற்றும் அதற்கு முந்தின நாளும் கேட்க மறந்துவிட்டேன். நாளை நேரம் இருந்தால் கேட்க வேண்டும்.